குறைமாதக் குழந்தைக்கு ஆஸ்டியோபதி கைமுறை சிகிச்சை: பீடோங் தோட்டக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

30 வாரம் 3 நாளில் பிறந்த பெண் குழந்தை, எடை 1,320 கிராம். கெடா மாநிலம் பீடோங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பெற்றோர் குடியிருக்கிறார்கள். தந்தைக்கு எண்ணெய் ஆலையில் வேலை. தாய்க்கு இது முதல் பிரசவம். கிளினிக் டேசா (அரசின் கிராமப்புற மருத்துவ நிலையம்) பரிசோதனையில் இரத்த அழுத்தம் ஏறியிருப்பது தெரிந்து, சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி இரண்டு டோஸும் முடிந்த பிறகே அறுவை சிகிச்சை நடந்தது. இந்தக் குழந்தையின் கதையில் முதல் நல்ல விஷயம் அதுதான். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இங்கே மாற்றப்பட்டுள்ளன.

பால் ஏறாமல் தடைப்பட்ட 12ஆம் நாளில் ஆஸ்டியோபதி கைமுறை சிகிச்சை (கையால் மென்மையாகத் தொட்டு, உடல் திசுக்களின் இறுக்கத்தைத் தளர்த்த முயலும் முறை) சேர்க்கப்பட்டது. செவ்வாய், வெள்ளி என வாரம் இரு முறை, மொத்தம் 9 அமர்வுகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் 2 அமர்வுகளில் குழந்தையைத் தொடவே இல்லை; ஒன்று பாதியில் நின்றது. இந்த மூன்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்பட்டுள்ளது. கையை எங்கே வைப்பது என்பதை எந்தப் பயிற்சியிலும் கற்றுக்கொள்ளலாம். எப்போது வைக்கக்கூடாது என்பதைச் சரியாகப் பிடிப்பவரால்தான் குறைமாதக் குழந்தை பத்திரமாக இருக்கும்.

முதல் 11 நாள்

பிறந்ததும் அழுதது, ஆனாலும் மூச்சிழுக்க நெஞ்சு உள்வாங்கியது. மூக்குவழி சிபாப் (நுரையீரல் சுருங்காதபடி விடாமல் அழுத்தத்தோடு காற்றுத் தரும் கருவி) 6 செ.மீ. நீரழுத்தத்தில் தொடங்கி 10ஆம் நாள் எடுக்கப்பட்டது. மூச்சு நின்று போவதைத் தடுக்கக் காஃபீன் சிட்ரேட்: முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி., பிறகு தினம் 5 மி.கி. தொப்புள் இரத்தக்குழாய் வழியாகப் போட்டிருந்த குழாய்கள் 5ஆம் நாள் நீக்கப்பட்டன. 3ஆம், 7ஆம் நாள் மூளை ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் செய்யும் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) சோதனையும் தைராய்டு சோதனையும் இயல்பு.

தாய்ப்பால் 2ஆம் நாளே வாய்வழிக் குழாயில் தொடங்கியது. தாய் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை பம்ப் செய்து எடுப்பார். அவர் வீட்டுக்குப் போன பிறகு தந்தை காலையிலும் மாலையிலும் ஐஸ் பெட்டியில் கொண்டு வந்து கொடுத்தார். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 20 மி.லி. வீதம் கூட்டிக்கொண்டு போனார்கள். 80 மி.லி.யைத் தொட்டதும் நின்றுவிட்டது. வயிற்றுச் சுற்றளவு 2 செ.மீ. கூடியது, முந்தைய வேளைப் பாலில் பாதி அப்படியே திரும்பி வந்தது, 3 நாளாக மலம் இல்லை. எடை 1,290 கிராம். பிறந்த எடையைக்கூட இன்னும் எட்டவில்லை.

எக்ஸ்ரேயில் குடல் வளையங்களில் காற்று சீராகப் பரவியிருந்தது. குடல் சுவருக்குள் காற்றோ, வயிற்றறையில் கசிந்த காற்றோ இல்லை. இரத்த அணுக்களும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் இயல்பு. வயிறு உப்பியிருந்தாலும் மென்மையாக இருந்தது. இது முதிராத குடலின் மந்தம், சிபாப் வழியாக விழுங்கிய காற்றும் கூடச் சேர்ந்திருக்கிறது என்று குழந்தை மருத்துவர் முடிவு செய்தார். தொடர்ந்து மூன்று காரியங்கள் செய்யப்பட்டன. ஒவ்வொரு வேளைப் பாலும் 45 நிமிடம் எடுத்து மெதுவாக இறக்கப்பட்டது. 12ஆம் நாள் காலையில் கிளிசரின் துண்டு ஒன்று வைக்கப்பட்டது. பெற்றோர் கேட்டிருந்தபடி, அன்றைக்கே ஆஸ்டியோபதிக்கும் எழுத்து மூலம் அனுமதி தரப்பட்டது.

ஆஸ்டியோபதி பற்றிக் கொஞ்சம்

ஆஸ்டியோபதி அமெரிக்காவில் தோன்றியது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874இல் இதை முன்வைத்து, 1892இல் மிசூரி மாநிலத்தின் கெர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். அமெரிக்காவில் இதைப் படித்தவர்கள் முழு மருத்துவர்கள். மற்ற பெரும்பாலான நாடுகளில் இவர்கள் கைமுறை சிகிச்சையாளர்கள் மட்டுமே. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் 775ஆம் சட்டமான பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட துறைகளுள் ஆஸ்டியோபதியும் ஒன்று. ஆகவே, குழந்தையைத் தொடும் முன் சிகிச்சையாளரிடம் பதிவுச் சான்றிதழைக் கேட்பது பெற்றோரின் உரிமை. அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இது வழக்கமான சேவை கிடையாது.

குறைமாதக் குழந்தைகளில் இதை முறையாகச் சோதித்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியர்கள். 2013இல் வெளிவந்த சோதனையில் 110 குழந்தைகள். 2015இல் வெளிவந்த பெரிய சோதனையில் 3 மருத்துவமனைகளில் 695 குழந்தைகள். பெரிய சோதனையில், கைமுறை சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக 4 நாளுக்குச் சற்றுக் குறைவாக முன்னதாக வீடு திரும்பினார்கள். தினசரி எடை கூடுவதில் வித்தியாசம் இல்லை. இந்த இரண்டாவது செய்தியைப் பெற்றோரிடம் சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. "கை வைத்தால் சதை பிடிக்கும்" என்று இந்த ஆய்வுகளைக் காட்டிச் சொல்ல இடமே இல்லை.

இந்தச் சோதனைகளுக்குப் பலவீனமும் உண்டு. சிகிச்சை தருபவருக்குத் தான் தருவது தெரியும். அதைத் திரையிட்டு மறைக்க முடியாது. வீட்டுக்கு அனுப்பும் நாளோ மருத்துவரின் முடிவையும் படுக்கை வசதியையும் பொறுத்தது. எனவே 4 நாள் என்ற கணக்கை உறுதியான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாய்ப்பால் குடிப்பதற்கு உதவுமா என்று பிரான்சில் நடந்த ஒரு சோதனையில், ஒரு மாத முடிவில் பயன் எதுவும் தெரியவில்லை.

எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில், மெதுவான தொடுதல் வேகஸ் நரம்பு (மூளையிலிருந்து இதயம், குடல் வரை போகும் நரம்பு) வழியாக உடலை அமைதிப்படுத்துகிறது என்பது ஓரளவு நம்பத்தக்கது. மண்டை எலும்புகளின் நுண்ணிய தாள அசைவைக் கையால் உணர்ந்து திருத்தலாம் என்ற கொள்கைக்கு அப்படிப்பட்ட ஆதாரம் இல்லை. இந்தக் குழந்தைக்கு அதன் பேரில் எதுவும் செய்யப்படவில்லை.

தொடும் முன் சரிபார்த்தவை

ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் சிகிச்சையாளரும் அன்றைய பொறுப்பு மிஸ்ஸியும் (செவிலியர்) சேர்ந்து பதிவேட்டைப் படித்தார்கள். குடல் அழுகல் நோய் சந்தேகம், குடல் அடைப்பு, வயிற்றறையில் காற்று, மூளை இரத்தக் கசிவு, இதயக் குறைபாடு, அறுவை சிகிச்சைக்கு முன்பின் காலம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்று தொடுவதில்லை. இத்தாலியச் சோதனைகளும் இத்தகைய குழந்தைகளைச் சேர்க்கவில்லை. அத்துடன் நான்கு கேள்விகள் கேட்கப்பட்டன: கடந்த 24 மணி நேரத்தில் மூச்சு நின்றதா? திரும்பி வந்த பால் என்ன நிறம்? கடைசிப் பால் எத்தனை மணிக்கு முடிந்தது? இன்று வேறு என்ன வலி இருக்கிறது, அதாவது இரத்தம் எடுப்பது, கண் பரிசோதனை, புதிய ஊசிக் குழாய்?

பிறந்து முதல் 72 மணி நேரம் எந்தக் கைமுறை சிகிச்சையும் கூடாது. மூளையின் மெல்லிய இரத்தக்குழாய்கள் வெடிக்கும் ஆபத்து அப்போதுதான் மிக அதிகம். தலையை நடுவாக வைத்து, தேவையின்றித் தொடாமல் இருப்பதே அந்நாட்களின் சிகிச்சை.

அமர்வு நடக்கும் முறை

நேரம்: முந்தைய பால் இறங்கி முடிந்து குறைந்தது 60 நிமிடம் கழித்து, அடுத்த பாலுக்கு முன்பு. டயபர் மாற்றுவது, வெப்பநிலை பார்ப்பது எல்லாம் அதே நேரத்தில் முடிக்கப்படும். சிகிச்சைக்கென்று தனியாகக் குழந்தையை எழுப்புவதில்லை. இத்தாலிய முறையில் 10 நிமிடம் மதிப்பீடு, 20 நிமிடம் சிகிச்சை. இந்தக் குழந்தைக்கு முதல் இரு அமர்வுகளிலும் சிகிச்சை 10 நிமிடத்தோடு நிறுத்தப்பட்டது. எடை 1,500 கிராமைத் தாண்டிய பிறகே நேரம் கூட்டப்பட்டது.

மோதிரம், கடிகாரம், காப்புக் கயிறு எல்லாம் கழற்றி, முழங்கை வரை கழுவி, ஆல்கஹால் திரவம் முழுதாகக் காயும் வரை காத்திருக்க வேண்டும். ஈரக் கை குளிர்ந்த கை. குளிர்ந்த கை பட்டால் குழந்தை திடுக்கிட்டு, இதயத்துடிப்பு இறங்குவதுண்டு. கையை இன்குபேட்டருக்குள் நுழைத்து, தொடாமல் ஒரு நிமிடம் அந்தச் சூட்டிலேயே வைத்திருந்தால் போதும். எண்ணெயோ வாசனைத் திரவியமோ இல்லை. விளக்கு மங்கலாக்கப்படும். இன்குபேட்டரின் பெரிய கதவைத் திறக்காமல், கை நுழையும் வட்டத் திறப்புகளை மட்டும் பயன்படுத்த வேண்டும். பெரிய கதவு சில நிமிடம் திறந்திருந்தாலே 1,300 கிராம் குழந்தையின் உடல் சூடு குறையத் தொடங்கிவிடும்.

முதல் 2 நிமிடம் பார்ப்பது மட்டும்தான். துடிப்பு, ஆக்சிஜன், மூச்சின் வேகம், தோல் நிறம், கைவிரல்கள் மூடியிருக்கின்றனவா விரிந்திருக்கின்றனவா என்பதெல்லாம் எழுதப்படும். பிறகு ஒரு கை தலையைச் சுற்றி, மறுகை மடங்கிய கால்களைச் சுற்றி. அசைவில்லாமல் அணைத்துப் பிடிப்பது, தடவுவது கிடையாது. குழந்தை கருப்பையில் சுருண்டிருந்த அதே நிலையில் வைத்து, மூச்சு ஒரே சீராகும் வரை 1 முதல் 2 நிமிடம். இங்கேயே அமைதியடையாத குழந்தைக்கு அடுத்த படி கிடையாது.

அடுத்தது உதரவிதானம். ஒரு கையின் இரு விரல்கள் முதுகுப்பக்கம், கடைசி விலா எலும்புகளின் மட்டத்தில். மறுகையின் இரு விரல்கள் முன்னால் விலாவின் கீழ் விளிம்பில். மூச்சோடு திசு எந்தப் பக்கம் எளிதாக நகர்கிறதோ அந்தப் பக்கமே விரல் போகும். இறுக்கமான பக்கத்தை எதிர்த்துத் தள்ளுவதில்லை. ஆஸ்டியோபதியில் இதை மறைமுக முறை என்பார்கள். எத்தனை அழுத்தம் என்று புதிதாகப் படிப்பவர்கள் எப்போதும் கேட்பார்கள். கண்ணை மூடி இமைமேல் விரலை வைத்தால் விழி உறுத்தாத அளவு. அதற்குமேல் ஒரு துளியும் வேண்டாம்.

பிறகு வயிறு. இரு விரல்களைத் தொப்புளுக்குப் பக்கத்தில் தட்டையாக வைத்து, மூச்சுக்கேற்ப ஏறி இறங்க விடுவது. பிசைவது, வட்டமாகத் தேய்ப்பது, காலை மடக்கி வயிற்றில் அழுத்துவது ஆகிய மூன்றும் இந்த எடையில் கூடாது. அப்படி அழுத்தினால் இரைப்பையில் உள்ள பால் மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கலாம். அடுத்து முதுகெலும்பின் அடிமுனைக்குக் கீழே இரு விரல்களை வைத்து, இடுப்பின் எடை தானாகவே விரல்மேல் தங்கும்படி விட்டு, ஒரு நிமிடம் காத்திருப்பது.

கடைசியாகப் பிடரி. பிறந்த குழந்தையின் பிடரி எலும்பு ஒரே எலும்பு கிடையாது. நான்கு துண்டுகளாக, இடையில் குருத்தெலும்போடு இருக்கும். அதன் அடிப்பகுதி வழியாகத்தான் நாக்கை அசைக்கும் நரம்பும், பக்கத்துத் துளை வழியாக வேகஸ் நரம்பும் வெளியே வருகின்றன. இறுக்கம் அங்கே இருந்தால் உறிஞ்சுவது பாதிக்கப்படலாம் என்பது ஒரு கருத்து. அந்த இடத்தில் விரல் நுனிகளைத் தாங்கலாகக் கீழே வைப்பதோடு சரி. கழுத்தைத் திருப்புவது, சொடுக்கு எடுப்பது, இழுப்பது எந்த வயதுக் குழந்தைக்கும் கிடையாது. அப்படிச் செய்பவர் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் குழந்தையை அவரிடம் தரக்கூடாது.

முடிக்கும்போது முதலில் அசைவை நிறுத்தி, கை அப்படியே 30 விநாடி இருந்து, பிறகு ஒவ்வொரு கையாக எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சட்டென்று எடுத்தால் குழந்தை கைகளை விரித்துப் பதறும். அமைதிப்படுத்திய வேலை வீணாகும். அதற்குப் பிறகு 10 நிமிடம் மானிட்டர் முன்னால் நிற்க வேண்டும்.

நிறுத்தும் அடையாளங்கள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. ஆக்சிஜன் 85%க்குக் கீழே இறங்கி 15 விநாடியில் ஏறவில்லை என்றால், துடிப்பு 100க்குக் கீழே போனால் அல்லது 200ஐத் தாண்டினால், மூச்சு நின்றால், உடனே நிறுத்தம். ஆனால் மானிட்டர் கத்துவதற்கு முன்பே குழந்தை சொல்லிவிடும். அடிக்கடி கொட்டாவி, விக்கல், தும்மல், விரல்களை விசிறியாய் விரிப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது எல்லாம் "போதும்" என்பதற்கான மொழி. இதைப் படிக்கத் தெரிந்த மிஸ்ஸி பக்கத்தில் இருந்தால் நிறுத்தும் அளவைத் தொடவே வேண்டியிருக்காது.

19ஆம் நாள்: தொடாத அமர்வு

முதல் அமர்வு நடந்த 12ஆம் நாள் மாலையே குழந்தை மலம் கழித்தது. 15ஆம் நாள் இரண்டாவது அமர்வு. 18ஆம் நாளில் பால் கிலோவுக்கு 110 மி.லி. ஆனது, அன்றே தாய்ப்பாலின் சத்தைக் கூட்டும் ஃபோர்ட்டிஃபையர் தூள் சேர்க்கத் தொடங்கினார்கள்.

19ஆம் நாள் காலை குழாயில் திரும்பி வந்தது பச்சை நிறம். வயிறு மீண்டும் உப்பியிருந்தது. இம்முறை இறுக்கமாக இருந்தது. விரல் பட்டதும் குழந்தை முகம் சுளித்தது. இரவில் இரண்டு முறை மூச்சு நின்றிருந்தது. "போன வாரம் கை வச்சப்பதான் வயிறு இறங்குச்சு, இன்னிக்கும் வைக்கச் சொல்லுங்க மிஸ்ஸி" என்று தாய் கெஞ்சினார். சிகிச்சையாளர் இன்குபேட்டர் திறப்புக்குள் கையை விடாமலே மருத்துவரை அழைத்தார்.

இந்த முடிவைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். மந்தமான வயிறும் அழுகத் தொடங்கும் குடலும் முதல் சில மணி நேரம் ஒரே மாதிரித் தெரியும். பிரித்துக் காட்டுபவை பச்சைப் பித்த நிறம், வயிற்றின் இறுக்கம், தொட்டால் வலி, மலத்தில் இரத்தம், திடீரென்று கூடும் மூச்சு நிறுத்தங்கள், சோர்வு. இவற்றில் ஒன்று இருந்தாலும் வயிற்றில் கை வைப்பது தவறு. கை வைப்பதால் குடல் கெட்டுவிடும் என்று மட்டும் இதற்குக் காரணம் சொல்ல முடியாது. கை வைத்து, "கொஞ்சம் இளகியிருக்கிறது" என்று நினைத்து, எக்ஸ்ரேவைச் சில மணி நேரம் தள்ளிப்போடுவதுதான் கொல்லும் தவறு.

பால் நிறுத்தப்பட்டது, இரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கப்பட்டது, ஆன்டிபயாடிக் தொடங்கியது. இரண்டு எக்ஸ்ரேயிலும் குடல் சுவரில் காற்று இல்லை. 48 மணி நேரத்தில் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, வயிறு தளர்ந்தது. 21ஆம் நாள் ஃபோர்ட்டிஃபையர் இல்லாமல் தாய்ப்பால் மட்டும் மறுபடி தொடங்கியது. 22ஆம் நாள் அமர்வில் வயிற்றையும் உதரவிதானத்தையும் விட்டுவிட்டு அணைத்துப் பிடிப்பது மட்டும் நடந்தது. 25ஆம் நாள் முழு அளவு, அதாவது கிலோவுக்கு 150 மி.லி. எட்டப்பட்டது. அப்போது எடை 1,560 கிராம். 3 மணி நேரத்துக்கு ஒரு முறை 29 மி.லி.

26ஆம் நாள்: பாதியில் நின்ற அமர்வு

தொடங்கி 4 நிமிடத்தில், உதரவிதானத்தில் விரல் இருந்தபோது ஆக்சிஜன் 82%, துடிப்பு 92. உதட்டோரம் பால். சிகிச்சையாளர் கையை எடுத்தார். மிஸ்ஸி குழந்தையைப் பக்கவாட்டில் திருப்பி முதுகைத் தடவியதும் 30 விநாடியில் நிலை திரும்பியது.

காரணம் பதிவேட்டிலேயே இருந்தது. ஐஸ் பெட்டியில் வந்த பால் அன்று உறைந்திருந்தது. அதை இளக்கி எடுக்க நேரமானதால், 9 மணிக்கு முடிய வேண்டிய பால் 9.35க்கு முடிந்தது. அமர்வு வழக்கம்போல் 10 மணிக்குத் தொடங்கியது. 60 நிமிட இடைவெளி 25 நிமிடமாகிவிட்டது. அட்டவணையில் இருந்த மணியைப் பார்த்தார்கள். பால் உண்மையில் முடிந்த மணியைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இன்குபேட்டர்மேல் ஒரு சிறு அட்டை: "பால் முடிந்த நேரம்: ___". மிஸ்ஸி அதில் எழுதிக் கையொப்பமிட்டால்தான் அமர்வு. புதிதாக எடுத்த பாலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் கொண்டு வரும்படி குடும்பத்துக்கும் சொல்லப்பட்டது. அந்தக் கெடுவுக்குள் வந்தால் பாலை உறைய வைக்கத் தேவையே இல்லை.

29ஆம் நாள் அமர்வு நடக்கவில்லை. அன்று காலை விழித்திரைப் பரிசோதனை. 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு அது கட்டாயம்; இமையை விரித்துப் பிடித்துப் பார்ப்பதால் வலிமிக்கதும்கூட. அதே நாளில் இன்னொரு கையும் வேண்டாம்.

உறிஞ்சப் பழகியது

34 வாரத்தை ஒட்டித்தான் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒன்றுக்கொன்று இடம்விடக் கற்றுக்கொள்கின்றன. 33ஆம் நாள் அமர்விலிருந்து தாடையும் நாக்கின் அடியும் சேர்க்கப்பட்டன. கையுறை போட்ட சுண்டுவிரலை உதட்டில் வைத்து, குழந்தை தானாக வாய் திறந்தால் மட்டும் உள்ளே, விரலைத் திணிப்பதில்லை. நாக்கு விரலைச் சுற்றிக் குழிவதும் ஒவ்வோர் உறிஞ்சல் தொடருக்குப் பிறகு மூச்சுக்கு நிற்பதும் பார்க்கப்பட்டன. முதலில் 3 அல்லது 4 உறிஞ்சலுக்கே களைத்தது. 36ஆம் நாள் எல்லா வேளையும் வாய்வழியே, பாதி மார்பில், பாதி பாட்டிலில். காஃபீன் 31ஆம் நாளே நிறுத்தப்பட்டிருந்தது. அதன்பின் மூச்சு நிற்கவில்லை.

41ஆம் நாள், 36 வாரம் 2 நாளில், 2,060 கிராமுடன் வீடு திரும்பியது.

எதற்கு எவ்வளவு பங்கு

12ஆம் நாள் மலம் இறங்கியதைக் குடும்பம் முழுவதும் கைமுறை சிகிச்சையின் கணக்கில் எழுதியது. ஆனால் அன்று காலை கிளிசரின் வைத்திருந்தார்கள், இரண்டு நாளுக்கு முன் சிபாப் எடுத்ததால் விழுங்கும் காற்று குறைந்திருந்தது, பாலும் மெதுவாக இறங்கியது. நான்கில் எது என்று ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது. அதேபோல் 18ஆம் நாள் ஒரு அமர்வு நடந்திருந்தால், 19ஆம் நாள் பச்சைப் பித்தத்துக்குக் கையைக் குற்றம் சாட்டியிருப்பார்கள். உண்மையில் அன்று புதிதாகச் சேர்ந்தது ஃபோர்ட்டிஃபையர்.

உறுதியாகச் சொல்லக்கூடியது சிறியது. நல்லபடியாக நடந்த அமர்வுகளில் துடிப்பு, தொடக்கத்தைவிட முடிவில் நிமிடத்துக்கு 8 முதல் 15 வரை குறைவாக இருந்தது; ஆக்சிஜன் இறங்கவில்லை. பெற்றோர் அமைதியாக நெஞ்சில் போட்டுக் கொண்டாலும் இதே அளவு குறைவு பதிவானது.

இதனால்தான் கங்காரு பராமரிப்பை, அதாவது குழந்தையைப் பெற்றோரின் வெற்று நெஞ்சில் தோலோடு தோலாக வைத்திருப்பதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய இந்த முறைக்கு இருக்கும் ஆதாரம் ஆஸ்டியோபதிக்கு இருப்பதைவிடப் பல மடங்கு வலுவானது. உலகச் சுகாதார நிறுவனம் 2022 பரிந்துரையில் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் என்கிறது. இந்தத் தாய்க்கு அறுவைக் காயம், பயண தூரம். முதலில் 2 மணி நேரமே முடிந்தது. பிறகு தந்தையும் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி நெஞ்சில் போட்டுக்கொண்டார். இருவரும் சேர்ந்து 6 மணி நேரம் வரை. ஆஸ்டியோபதி அமர்வுக்காக இந்த நேரம் ஒரு நாளும் வெட்டப்படவில்லை. இடம் ஒன்றுக்குத்தான் என்றால், தாயின் நெஞ்சுக்கே தர வேண்டும்.

வீட்டில் பாட்டியின் கை

40ஆம் நாள் அமர்வுக்குக் குழந்தையின் அப்பாயியும் வரவழைக்கப்பட்டார். தோட்டத்தில் பல பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை அது. அவர் கேட்டது நேரான கேள்வி: "உருவி விடலைன்னா புள்ளைக்குக் கை கால் எப்படி உறுதியாகும் மிஸ்ஸி?"

"இமை மேல விரல வைங்க பாட்டி. கண்ணு உறுத்தாம எவ்வளவு வைக்க முடியுதோ, நம்ம புள்ளைக்கு அவ்வளவுதான் தாங்கும்" என்றார் மிஸ்ஸி. அவர் விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு.

வேண்டாம் என்றால் ஏன் என்றும் சொல்லப்பட்டது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டால், மூக்கு எண்ணெய் நுரையீரலுக்குப் போய் அழற்சி வரும். தலையைப் பிடித்து உருண்டையாக்குவது, மூக்கை நீவுவது, மார்பைப் பிதுக்குவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது எதுவும் கூடாது. மார்பைப் பிதுக்கினால் சீழ் கட்டும். தலைகீழாகத் தூக்கினால் தலைக்கு இரத்த அழுத்தம் ஏறும். சாம்பிராணிப் புகை குறைமாத நுரையீரலுக்கு ஆகாது. உரை மருந்தும் தேனும் நாக்கில் தடவ வேண்டாம். பழைய குழந்தைத் துணியை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தால் துவைத்து வெயிலில் காயவைக்காமல் உடுத்தக் கூடாது.

செய்யலாம் என்பவையும் உண்டு. சுத்தமான தேங்காயெண்ணெய் சில துளி, உள்ளங்கையில் சூடாக்கி, தேய்க்காமல் பூசுவது. கடுகெண்ணெய் தோலின் காப்பைக் கெடுக்கும். குளியல் 5 நிமிடத்துக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, 37 முதல் 38 பாகைத் தண்ணீரில். உடனே துடைத்துத் தாயின் நெஞ்சில். கை கால்களை இழுக்காமல் மடக்கியபடி அணைத்துப் பிடிக்கலாம். அப்பாயிக்குக் கற்றுத் தந்த ஒரே கைமுறை அதுதான். மருத்துவமனையில் பார்த்த மற்றவற்றை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம் என்று எழுதியே கொடுக்கப்பட்டது.

அதிக நேரம் பேசியது ஸ்பிரிங் தொட்டிலைப் பற்றி. சாரோங் துணியில் 2 கிலோ குழந்தை குழிந்து கிடக்கும்போது தாடை நெஞ்சில் முட்டி, மென்மையான மூச்சுக்குழாய் மடங்கும். அழக்கூட முடியாது. தட்டையான, உறுதியான மெத்தையில் மல்லாந்து, தலையணை இல்லாமல் தூங்க வைக்கும்படி சொல்லப்பட்டது. "எங்க காலத்துல எல்லாரும் தொட்டில்லதான் வளர்ந்தோம்" என்றார் அப்பாயி. நிறைமாதப் பிள்ளைகளின் கழுத்து வலிமை இதற்கு இன்னும் வரவில்லை என்பதைக் குழந்தையை உட்கார்த்திப் பிடித்துக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார்.

தொடர் கண்காணிப்பு

வீட்டுக்கு வந்த முதல் வாரம் கிளினிக் டேசா மிஸ்ஸி நேரில் வந்து எடை பார்த்தார். விழித்திரை இரண்டாம் பரிசோதனையில் சிகிச்சை தேவைப்படவில்லை; செவித்திறன் சோதனை இரு காதிலும் தேர்ச்சி.

திருத்திய வயது (பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணும் வயது) 4 மாதத்தில் எடை 5.7 கிலோ. தலையை நிமிர்த்துகிறது, கைகளை நடுவில் சேர்க்கிறது. ஆனால் பின்தலை வலப்பக்கம் தட்டையாகியிருந்தது. தலையின் இரு மூலைவிட்ட அளவுகளின் வித்தியாசம் 7 மி.மீ. கழுத்துத் தசையில் முடிச்சு இல்லை, இரு பக்கமும் முழுதாகத் திரும்புகிறது. வீட்டில் கட்டில் சுவரோரம் இருந்ததால் ஆள்நடமாட்டம் எப்போதும் வலப்பக்கமே, வெளிச்சமும் அங்கிருந்தே. தலைவைக்கும் பக்கத்தைத் தினம் மாற்றுவது, விழித்திருக்கும்போது நாளுக்குப் பல முறை குப்புறப் படுக்கவைப்பது, தூக்கும் தோளை மாற்றுவது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். இதற்கு ஆஸ்டியோபதி வேண்டுமா என்று தந்தை கேட்டார். கழுத்து சுதந்திரமாகத் திரும்பும் குழந்தைக்குப் படுக்கும் விதத்தை மாற்றுவதே முதல் வேலை என்று பதில் தரப்பட்டது. 6 வாரம் கழித்து மறுபடி அளக்கப்படும். வித்தியாசம் குறையாவிட்டால் குழந்தை மருத்துவரே அடுத்த முடிவை எடுப்பார்.